தூர்வாருங்கள், குளத்தின் அடியைப் பெயர்க்காதீர்கள்

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு தூர்வாரப்பட்ட குளம் ஒன்றைப் பார்வையிட அண்மையில் அழைத்திருந்தார்கள். ஆழம் இரு மடங்காகியிருந்தது, நான்கு கரைகளிலும் கல் பதிக்கப்பட்டிருந்தது, ஒரு கோரைத் தட்டைகூட மிஞ்சவில்லை, தண்ணீரும் இல்லை. இவ்வளவு ஆழமாக வெட்டியும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்கள். அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, நனைத்து உருட்டிப் பார்த்தேன். திரியாக நீளாமல் விரலிடுக்கில் உதிர்ந்தது. மணல். ஆழமாக வெட்டியதால்தான் நிற்கவில்லை என்பதை இன்னும் எத்தனை குளங்களின் கரையில் நின்று சொல்வது?

ஆழம் கூடினால் நீர் கூடும் என்ற நம்பிக்கையைப் போல் நீர்நிலைகளைக் கெடுத்தது வேறில்லை. ஒவ்வொரு வெள்ளத்தோடும் வரும் நுண்களிமண் அடிமண்ணின் துளைகளை அடைத்து அடைத்து, பல ஆண்டுகளில் கசிவைத் தடுக்கும் படலமாக இறுகுகிறது. அதன்மேல் தளர்வாகக் கிடக்கும் வண்டலை அள்ளுவதே தூர்வாருதல். படலத்தையும் பெயர்த்து மணலை எட்டுவது பானையின் அடியில் துளையிடுவதற்குச் சமம். (நிலத்தடி நீரைப் பெருக்கவே வெட்டும் கசிவுநீர்க் குட்டையின் கணக்கு வேறு.)

கோரை அடுத்த பலி. வரும் நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலை வாயிலிலேயே இறக்கிவைக்கும் அதைப் பிடுங்கிவிட்டு, குளம் விரைவில் மேடாகிறது என்று புலம்புகிறோம். நீர்நிலையின் இயல்பைக் குலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆறே சாட்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 166 கிலோமீட்டர் வளைந்தோடிய கிசிம்மி ஆற்றை, வெள்ளத்தைத் தடுப்பதற்காக 1962 முதல் 1971 வரை வெட்டி 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக்கினார்கள். சதுப்பு நிலங்கள் வறண்டன, குளிர்காலத்தில் வரும் நீர்ப்பறவைகள் ஏறத்தாழ மறைந்தன. பின்னர் கால்வாயின் ஒரு பகுதியை மண்ணிட்டு மூடி, பழைய வளைவுகளில் ஆற்றைத் திருப்பிவிடும் பணி 2021 வரை நீடித்தது.

ஆகவே, இயந்திரத்தை இறக்குமுன் நான்கைந்து இடங்களில் சோதனைக் குழி வெட்டுங்கள். களிமண் தட்டுப்படும் ஆழத்தைக் குறித்து, அதற்கு மேலேயே நிறுத்துங்கள். கரையைச் சாய்வாக விடுங்கள். கோரை மண்டிவிட்டால் பகுதி பகுதியாக அறுங்கள், வேரோடு பறிக்காதீர்கள். வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும்போது குளத்தைத் தோண்டுவது வீண்செலவு. அள்ளிய வண்டலை, தயவுசெய்து, கரையின் உட்சரிவில் கொட்டாதீர்கள்; முதல் மழையிலேயே அது குளத்துக்குள் திரும்பிவிடும்.