பின்னதிர்வு: புதுசா, மிச்சமா?

2005 மார்ச் 28 இரவு, மட்டக்களப்புக் கல்லடியில், நிலம் நடுங்கியது, கடல் வரும் என்ற பயத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பக்கத்து வீட்டு மாமி மூச்சிரைக்கக் கேட்டார்: "தம்பி, இது புதுசா, மார்கழிட மிச்சமா?" மார்கழி என்றது, 2004 டிசம்பரில் சுனாமியைக் கொண்டுவந்த நடுக்கத்தை. நிலநடுக்க ஆய்வாளர்களும் இதைத்தான் கேட்பார்கள்.

பெரிய நிலநடுக்கம் ஒன்றுக்குப் பிறகு அதே பாறைப் பிளவிலும் அதன் ஓரங்களிலும் வரும் நடுக்கங்களே பின்னதிர்வு. ஆங்கிலத்தில் ஆஃப்டர்ஷாக்; அதிலுள்ள 'ஷாக்' பிரெஞ்சிலிருந்து வந்தது. தமிழில் பின் + அதிர்வு. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததும் இரட்டித்தது. 'பின்அதிர்வு' என்று உடைத்து எழுத வேண்டாம். 'பின்னதிர்ச்சி' என்பதும் பிழையில்லை, பூமியதிர்ச்சி என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் அதிர்ச்சி இப்போது மனதுக்குப் போய்விட்டது. நிலத்துக்கு அதிர்வே பொருத்தம். எங்கள் பேச்சிடம் விட்டிருந்தால் 'மறுகா நடுக்கம்' ஆகியிருக்கும்; மறுகா என்றால் பிறகு.

ஜப்பானியரின் சொல் யோஷின், மிஞ்சிய அதிர்வு. எனக்கு அதுவே பிடிக்கிறது. 1891 நோபி நிலநடுக்கத்தின் மிச்சங்களை எண்ணிய நிலநடுக்க ஆய்வாளர் ஒமோரி ஃபுசாகிச்சி, 1894இல் ஒரு விதி சொன்னார்: நாள் ஏற ஏற எண்ணிக்கை அதே கணக்கில் இறங்கும். முதல் நாள் நூறு என்றால் பத்தாம் நாள் ஏறக்குறைய பத்து.

சரி, மாமிக்கு என்ன பதில்? 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் பிளந்தது, அளவு 9.1. மார்ச்சில் 8.6 அளவில் அசைந்தது அதற்குத் தெற்கே நியாஸ் தீவடியில் இருந்த பக்கத்துத் துண்டு. கரைவலை இழுக்கையில் நாலு பேர் கயிற்றை விட்டால் பாரம் அடுத்தவன் கையில் ஏறுமே, அப்படி. அந்தப் பாரத்தைக் கணக்கிட்டு நிலநடுக்க ஆய்வாளர் ஜோன் மெக்ளொஸ்கி குழுவினர் மார்ச் 17இல்தான் எச்சரித்திருந்தார்கள். நாளைச் சொல்லவில்லை, இடத்தைச் சொன்னார்கள். இதைத் தூண்டப்பட்ட நிலநடுக்கம் என்பதே சரி. மாமி கேட்ட இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பின்னதிர்வு என்றால் சின்னது என்றும் நினைக்க வேண்டாம். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6, இரண்டு மணி நேரத்தில் வந்த பின்னதிர்வு 8.2. கடலடித் தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் அலை பெரிதாக எழவில்லை. அன்றும் ஓடினோம். மாமி ஒன்றும் கேட்கவில்லை, எங்களுக்கு முன்பே பாலத்தைத் தாண்டிவிட்டார்.