மயக்கத்துக்கு முன் அந்த மூன்று நிமிடம்

"மூச்சு முட்டுது சார், எடுத்துடுங்க."

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு வந்தவர், மாஸ்க்கை முகத்தில் வைத்ததுமே தள்ளிவிட்டார். அதுதான் மயக்க மருந்து என்று நினைப்பு. தர்மபுரியில் மயக்க டாக்டராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. அதில் வருவது வெறும் ஆக்சிஜன்தான்.

முழு மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தும் மருந்து மூச்சையும் நிறுத்திவிடும். தொண்டையில் குழாய் போட்டு நாங்கள் மூச்சுக் கொடுக்கும்வரை, உடம்பு கைவசம் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். டிரம்மில் போர் தண்ணீர் கிடக்கிறது. ஒகேனக்கல் குடிதண்ணீர் வந்தால் அதன் மேலேயே பிடிப்போமா? கொட்டிவிட்டுத்தான் பிடிப்போம். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் 2.5 லிட்டர் காற்று தங்கியிருக்கும். பெரும்பகுதி நைட்ரஜன், உடம்புக்கு உதவாது. 3 நிமிடம் சுத்த ஆக்சிஜனை இழுத்தால் அது வெளியேறி, ஆக்சிஜன் அங்கே நிரம்பும். உடம்பின் செலவு நிமிடத்துக்கு 250 மில்லி அளவு. டிரம் நிறைந்திருந்தால் ஆரோக்கியமானவர் 8 நிமிடம் வரைகூடத் தாங்குவார். இல்லையென்றால் ஒரு நிமிடம் சொச்சம்தான். கர்ப்பிணி, குழந்தை, உடல் பருத்தவர் என்றால் நிரப்பினாலும் சீக்கிரம் தீரும்.

"விரல் கிளிப்பு 100 காட்டுதே, போதாதா?" என்று புதிதாக வரும் பயிற்சி டாக்டர்கள் கேட்பார்கள். அது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் கணக்கு, டிரம்மின் கணக்கு இல்லை. வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதம் ஆனதா என்றுதான் நான் பார்ப்பேன்.

வம்பெல்லாம் மாஸ்க் ஓரத்துச் சந்தில்தான். பல்செட் கழற்றி ஒட்டிப்போன கன்னம், அடர்ந்த தாடி, கொஞ்சம் தூக்கிப் பிடித்த மாஸ்க். அந்த வழியாக வெளிக்காற்று கலந்தால் போர் தண்ணீர் மறுபடி டிரம்முக்குள். தாடியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். வேண்டுதல் தாடி என்றால் முன்னாடியே சொல்லுங்கள், வேறு வழி பார்க்கிறோம். குறட்டை, ஆடும் பல், பீடிப் பழக்கம், எதையும் மறைக்க வேண்டாம்.

அந்த அம்மாவின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினோம். "இது மருந்து இல்லம்மா, நல்ல காத்து. நீங்களே பிடிச்சுக்குங்க" என்று மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்தேன். முதல் நாலைந்து மூச்சு அவசர அவசரமாக வந்தது. அப்புறம் மெஷினில் தொங்கும் பை அவர் மூச்சுக்குத் தகுந்தபடி சுருங்கி விரிய ஆரம்பித்தது. 88, 89, 91. சரி என்று ஊசியை எடுத்தேன்.