“வீட்டுலயுமா நடிக்கிற?”

சீரியலில் நடிக்கும் பெண் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்தார். (அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) “நான் நானா இல்லாத மாதிரி இருக்கு டாக்டர். நான் பேசறது யாரோ பேசற மாதிரி கேக்குது. சோறு வாய்க்குள்ள போகுது, யாரோ சாப்பிடற மாதிரி.”

ஒருநாள் ஷூட்டிங் முடிந்து வந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்திருக்கிறார். குங்குமம் பஞ்சோடு வந்துவிட்டது. கண்ணாடியில் இருப்பது தன் முகம் என்று தெரிகிறது, ஆனால் தன்னுடையதாகத் தோன்றவில்லை. கன்னத்தைக் கிள்ளினார், வலித்தது, அந்த வலியும் எங்கோ தள்ளி இருந்தது. அம்மாவிடம் சொன்னதற்கு வந்த பதில்தான் தலைப்பில் இருக்கிறது. அப்புறம் எட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எனக்கு ஆறாதது அந்த எட்டு மாதம்தான்.

தான் தானாக இல்லாத மாதிரி தோன்றும் இந்த நிலைக்கு டீபர்சனலைசேஷன் என்று பெயர். தூக்கம் கெட்டால், கடும் பதற்றத்தில், துக்கத்தில், கஞ்சா பிடித்த பின்பு, கொஞ்ச நேரம் இப்படித் தோன்றி மறைவது நிறையப் பேருக்கு நடப்பதுதான். போகாமல் தங்கிவிட்டால்தான் சிக்கல். நூற்றில் ஒருவர் இருவருக்கு அப்படித் தங்குகிறது, பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. இது பைத்தியம் அல்ல. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோயில் “என்னை வேறொருத்தர் இயக்குகிறார்” என்று உறுதியாக நம்புகிறவர்கள் உண்டு. இவருக்கோ அது வெறும் தோற்றம் என்று தெரியும். பேசிய ஒரு மணி நேரத்தில் ‘மாதிரி’ என்ற சொல்லைச் சேர்க்க ஒரு தடவைகூடத் தவறவில்லை, அந்த ‘மாதிரி’ இருக்கிறதா என்றுதான் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம்.

நடிப்புதான் காரணமா என்று கேட்பார்கள். அப்படிச் சொன்னால் அந்தத் தொழிலுக்குச் செய்யும் அநியாயம். இரண்டு சீரியல், காலை ஒன்பது மணி கால்ஷீட் நள்ளிரவு வரை இழுக்கும், நாலு மணி நேரத் தூக்கம், திரையில் டப்பிங் கலைஞரின் குரல், கடைத்தெருவில் கேரக்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஜனம், இதையெல்லாம் அவர் சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடியாமல் செட்டுக்குத் திரும்பி, சாவு வீட்டுக் காட்சியில் கிளிசரின் போட்டு அழுதிருக்கிறார். சொந்த வீட்டில் அழவே இல்லை.

முதலில் தைராய்டு, வலிப்பு இரண்டும் இல்லை என்று பரிசோதித்துக்கொண்டோம். இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூட இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு, பேச்சுச் சிகிச்சை உதவுகிறது. ‘நான் இருக்கேனா’ என்று அடிக்கடி கண்ணாடி பார்த்துச் சோதிப்பதை நிறுத்தச் சொன்னேன், சோதிக்கச் சோதிக்கத்தான் அது வளரும். ஒரு சீரியலை விட்டார். அப்பாவைப் பற்றிப் பேச ஆறு வாரம் ஆனது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், எப்போதிலிருந்து என்று மட்டும் கேளுங்கள். டாக்டரிடம் போகத் தயங்கினால் 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம்.

போன மாதம் வந்தபோது, ரசம் வைத்தேன், உப்புக் கரித்துவிட்டது என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கு ‘மாதிரி’ வரவில்லை.