வயிற்றுக்குள் ஒரு வாரத்துக்கு ஒரு வலை

உப்புவெளிக் கடற்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணர் கேட்டார்: "மனுசிக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்துப் பன்னிரண்டு வருசம். இப்பபோய்க் குடல் ஒட்டிட்டுதெண்டு டொக்டர் சொல்லுறார். அதெப்பிடித் தம்பி?"

குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வின் மேற்பரப்பு ஒற்றைக் கல அடுக்குத்தான். கத்தி பட்டாலோ துணி உரசினாலோ உரிந்துவிடும். சில மணித்தியாலங்களில் அங்கே பைபிரின் என்ற பிசின் கசிந்து, அருகருகே கிடக்கும் பரப்புகளை ஒட்டவைக்கும். பெரும்பாலும் உடலே அதைப் பிளாஸ்மின் என்ற நொதியத்தால் சில நாளில் கரைத்துவிடும். ஆனால் புண்பட்ட சவ்வில் இந்தக் கரைப்பு மந்தம். பிந்தினால் நார் இழைக்கும் கலங்கள் பிசினுக்குள் புகுந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை இழைக்கும். குருதிக்குழாயும் நரம்பும் கூட முளைக்கும். பிறகு அது கயிறுதான். அதில் குடல் எப்போது மடங்கிச் சிக்கும் என்று சொல்லமுடியாது. வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இப்படி ஒட்டுகள் உண்டு. பலருக்குத் தொந்தரவே இல்லை.

சவ்வு மறுபடி மூட ஏறத்தாழ 5 முதல் 7 நாள். அதுவரை பரப்புகளை விலக்கி வைத்தால் போதும். அப்படி இடையில் வைக்க, உடலிலேயே உள்ள வழுவழுப்பான பொருளான ஹையலுரோனிக் அமிலம் சேர்த்த படலமொன்றுக்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது எளிதில் நொறுங்கும், ஈரக் கையுறையில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் நனோ இழை வருகிறது. இடியப்ப உரலை நினையுங்கள். கை அழுத்துவதற்குப் பதில், பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஊசிமுனையிலிருந்து பல்பகுதியக் (பொலிமர்) கரைசலை இழுக்கிறது. இழையின் தடிப்பு சில நூறு நனோமீற்றர், தலைமயிரை விட நூறு மடங்குக்கு மேல் மெல்லிது. இழைகள் படிந்து பாயாகும்போது அதன் கண்களால் நீரும் ஊட்டமும் போகும். நார்க் கலங்கள் புக அந்தக் கண்கள் போதாது. கரையும் தையல் நூலில் இருக்கும் அதே பொருளால் இழைத்தால் பாயும் கரைந்துபோகும். இழைக்குள் இபுபுரூபன் என்ற வலிமருந்தை வைத்தால் மெல்ல மெல்லக் கசிந்து அழற்சியையும் தணிக்கும்.

சிக்கல் காலக்கணக்கில். முந்திக் கரைந்தால் பயனில்லை. நெடுநாள் கிடந்தால் பாயே அந்நியப் பொருளாகி அழற்சியைக் கிளப்பும். குடலை வெட்டித் தைத்த இடத்தைச் சுற்றி மூடினால் தையல் கசியலாம். பழைய படலத்தில் அப்படி நடந்தது. நனோ பாய்களில் பெரும்பாலானவை இன்னும் எலி, முயல் மட்டத்திலேயே நிற்கின்றன.

"அப்ப இவவின்ர கயிறை வெட்டேலாதோ?" என்றார் அண்ணர்.

வெட்டலாம். வெட்டிய இடத்தில் புது ஒட்டு வரலாம் என்பதால்தான் முதலில் காத்திருந்து பார்க்கிறார்கள். அவவுக்குச் சாப்பாட்டை நிறுத்தி, மூக்கால் குழாயும் கையில் சேலைனும் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் குடல் தானாகவே திறந்துகொண்டது.