மருந்தகத்தில் கணினி இருக்கிறது, மருந்தாளுநர் எங்கே?

மீண்டும் மெதோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்காக வாரம் ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டிய மாத்திரையை ஓர் அம்மா பத்து நாளுக்கு மேல் தினமும் விழுங்கியிருக்கிறார். வாயெல்லாம் புண், காய்ச்சல், தண்ணீர்கூட இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்த நிலையில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். "வாரம் ஒரு முறை, ஞாயிறு மட்டும்" என்று மருத்துவர் தெளிவாகவே எழுதியிருந்தார். வேறோர் ஊர் மருந்தகம் ஒட்டிக்கொடுத்த லேபிளில் "காலை 1" என்று அச்சாகியிருந்தது. அதை யாரும் தட்டச்சு செய்திருக்க மாட்டார்கள். இங்கே புழங்கும் பல பில்லிங் மென்பொருள்களில், மாத்திரையின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் "தினம் ஒரு வேளை" என்பது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மாற்றுவதற்கு ஒரு நிமிடம் வேண்டும். கவுன்டரில் ஒரே ஆள் நின்றுகொண்டு எதிரே வாசல்வரை வரிசை நீண்டிருந்தால் அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வரும்?

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்தும் அல்ல. மெதோட்ரெக்சேட் மாத்திரைக்கு "வாரம் ஒரு முறை" என்பதுதான் கணினியில் இயல்பாக வர வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பான ஐஎஸ்எம்பி 2014-லேயே சொல்லிவிட்டது. மென்பொருளில் இதை மாற்றியமைக்க, விவரம் தெரிந்த ஒரு மருந்தாளுநரை அரை நாள் உட்கார வைத்தால் போதும். அந்த அரை நாளைத்தான் எந்த நிர்வாகமும் தருவதில்லை.

ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போன கேள்வி இது: "இத்தனை லட்சம் கொட்டி மென்பொருள் வாங்கியிருக்கிறோமே, இன்னும் எதற்கு இரவு ஷிப்டுக்கு இரண்டு மருந்தாளுநர்?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. கணினி மருந்தைச் சரிபார்க்கும் என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கணினி மருந்தைச் சரிபார்ப்பதில்லை. நீங்கள் அதற்குள் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். போட்டது தவறென்றால் தவறையே அழகாக அச்சடித்துத் தரும். எங்கள் கவுன்டரில் எச், ஒய், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் ஹைட்ராலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரோகார்ட்டிசோன், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஹைட்ராக்சிசின் என்று வரிசையாக வந்து நிற்கும். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று, மூட்டுவாதத்துக்கு ஒன்று. விரல் ஒரு வரி கீழே இறங்கினால் போதும். தேர்ந்தெடுத்தது எதுவோ அதற்கு ஏற்ற விலை, இருப்பு, காலாவதித் தேதி எல்லாம் பிசகாமல் வரும். இந்த நோயாளிக்கு இந்த மருந்து எதற்கு என்ற கேள்வி மட்டும் வராது. அதைக் கேட்க மருந்தியல் படித்த ஓர் ஆள் வேண்டும். கேட்பதற்கு அவருக்கு நேரமும் வேண்டும்.

"எச்சரிக்கை வருமே" என்பார்கள். வரும், வந்துகொண்டே இருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து வந்தால் ரத்தக்கசிவு அபாயம் என்று சிவப்பில் ஒரு கட்டம் திறக்கும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்தச் சேர்க்கைதான் சிகிச்சையே. இப்படி வேண்டாத எச்சரிக்கைகளைத் தள்ளித் தள்ளிப் பழகிய விரல், வேண்டிய எச்சரிக்கையையும் தள்ளிவிட்டுப் போகும். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று பட்டியலைக் களையெடுப்பதும் ஆள் செய்ய வேண்டிய வேலைதான்.

பணமும் தொழில்நுட்பமும் குவிந்த இடத்திலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். 2013-இல் சான்பிரான்சிஸ்கோவின் பெரிய மருத்துவமனை ஒன்றில் 16 வயதுச் சிறுவனுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஒன்று தர வேண்டும். 160 மில்லிகிராம் என்று எண்ணி மருத்துவர் தட்டிய எண்ணை, ஒரு கிலோ எடைக்கு 160 என்று கணினி எடுத்துக்கொண்டது. கணக்கு 38½ மாத்திரை என்று வந்தது. மருத்துவரும் மருந்தாளுநரும் எச்சரிக்கையைக் கடந்துபோனார்கள். ரோபோ 38½ மாத்திரைகளைப் பொட்டலம் கட்டியது. செவிலியர் பார்கோடை ஸ்கேன் செய்தார். கணினி "சரி" என்றது. சிறுவன் அத்தனையையும் விழுங்கினான். வலிப்பு வந்து, உயிர் தப்பினான். ஒருவராவது நிமிர்ந்து "என்னது, முப்பத்தெட்டரையா?" என்று கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும்.

இருப்புக் கணக்கென்றால் கணினியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த மருந்து தீரப்போகிறது, எது காலாவதியாகப் போகிறது என்பதையெல்லாம் பேரேட்டில் தேடிய காலம் திரும்ப வேண்டாம். நான் சண்டை போடுவது கணினியோடு அல்ல.

வாங்கும்போது இருக்கும் உற்சாகம் பராமரிப்பில் இருப்பதில்லை என்பதுதான் என் ஆத்திரம். திறப்பு விழாவுக்கு ரிப்பன் உண்டு, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ரிப்பன் கிடையாது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். மருந்துத் தகவல் தொகுப்பின் சந்தா முடிந்திருக்கும், ஸ்கேனரின் வயர் பிய்ந்திருக்கும், யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. பயிற்சி பெற்றவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போயிருப்பார். புதிதாக வந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குறுக்கு வழிகளோடு சேர்த்து வேலை கற்றிருப்பார். ஷிப்ட் முழுக்க ஒரே பாஸ்வேர்டு, அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். (மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் ஆய்வுக்கு முந்தைய வாரம் மட்டும் அந்தக் காகிதம் காணாமல் போகும்.)

பார்கோடைப் பற்றியும் ஒரு வார்த்தை. 300 மருந்து பிராண்டுகளின் உறைகளில் பார்கோடோ கியூஆர் குறியீடோ இருக்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் முதல் சட்டம். நல்ல சட்டம். ஆனால் நம் ஊரில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி நான்கு கொடுக்கிறோமே, குறியீடு எந்தத் துண்டில் போயிற்று?

கணினி படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் பார்த்தது. இணையத் தாக்குதலில் சர்வர்கள் முடங்கி, பதிவு, பில், பரிசோதனை முடிவு எல்லாம் ஏறத்தாழ இரண்டு வாரம் கையெழுத்தில் ஓடின. கையால் எழுத ஆள் இருந்ததால் ஓடின. கணினியை நம்பி ஆளைப் பாதியாக்கிவிட்ட ஒரு நூறு படுக்கை மருத்துவமனைக்கு இது நேர்ந்தால் இரண்டு நாள் தாங்குமா?

நிர்வாகிகளே, மென்பொருள் வாங்கும் தொகையோடு அதைப் பார்த்துக்கொள்ளும் மருந்தாளுநரின் சம்பளத்தையும் அதே தாளில் எழுதுங்கள். மருந்துப் பட்டியலில் புதிய பெயர் சேர்க்கும் உரிமையை பில் போடும் ஊழியரிடம் விடாதீர்கள். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். கணினி இல்லாத ஒரு மணி நேரத்தை மாதம் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர் என்று 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. மென்பொருள் அந்தப் பதிவேட்டில் இல்லை.

நோயாளிகளே, உங்களிடம் சண்டை இல்லை, வேண்டுகோள்தான். லேபிளில் இருப்பதையும் சீட்டில் இருப்பதையும் கவுன்டரை விட்டு நகரும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரையின் நிறமோ அளவோ சென்ற மாதத்திலிருந்து மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மெதோட்ரெக்சேட் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்பதை அட்டையின்மேல் பெரிதாக எழுதிவையுங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் சிறிய மஞ்சள் மாத்திரையாக இருக்கலாம், இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

"இந்த மருந்து எதற்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை?" என்று கேட்டதும் கவுன்டரில் இருப்பவர் திரையைப் பார்த்துப் படித்தால், மருந்தாளுநரைக் கூப்பிடச் சொல்லி அவர் வரும்வரை நகராதீர்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.