குழந்தைக்கு மூச்சு வாங்கினால்: எக்ஸ்ரேயும் ஆம்புலன்ஸும் இலவசம்

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்புதான் உதரவிதானம். கருவிலேயே அது முழுதாக மூடாமல் விட்டுப்போனால், குடல் நெஞ்சுக்குள் ஏறி நுரையீரலை வளரவிடாமல் நெருக்கும். ஏறக்குறைய 3,000 பிறப்புக்கு ஒன்று இப்படி, பெரும்பாலும் இடப்பக்கம். ஓட்டையே இல்லாமல், தசை மெலிந்து மேலே ஏறி நிற்பது இன்னொரு வகை.

சரி, இதைக் கண்டுபிடிக்க யார் செலவு செய்வது? அரசு மருத்துவமனை என்றால் பெற்றோர் செய்ய வேண்டியதில்லை. மத்திய அரசு 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் பிரசவத்துக்கான திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். நோயுற்ற குழந்தைக்கும் அதில் உரிமை உண்டு. மருந்து, பரிசோதனை, ரத்தம், சிகிச்சை எதற்கும் கட்டணமில்லை. கர்ப்பிணிக்கு ஸ்கேனும் அப்படியே. ஐந்தாம் மாத ஸ்கேனில் குடலோ இரைப்பையோ நெஞ்சுக்குள் தெரிந்துவிடுவது உண்டு. தனியார் மருத்துவமனையில் இந்தத் திட்டத்தைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது.

ஸ்கேனில் தப்பிய குழந்தை பிறந்ததுமே மூச்சுக்குத் திணறும். வயிறு உப்பாமல் உள்வாங்கிக் கிடக்கும். இதயத் துடிப்பு வலப்பக்கம் கேட்கும். அப்போது ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயே பெரும்பாலும் போதும்: நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் குடலின் காற்றுக் குமிழிகள். வாய்வழியே இரைப்பைக்கு விட்ட குழாயின் நுனிகூடச் சில சமயம் நெஞ்சுக்குள் சுருண்டு தெரியும்.

எல்லாக் குழந்தையும் முதல் நாளே காட்டிக்கொடுக்காது. சிலருக்கு மாதங்கள் கழித்து, திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளியாகத்தான் வெளிப்படும். முதலில் 30 நாள் வரைதான் என்றிருந்த உரிமையை 2014-இல் ஒரு வயது வரை நீட்டினார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை திட்டத்திலேயே உருப்படியான மாற்றம் அதுதான் என்பேன். தசை மெலிந்த வகைக்கு, மூச்சு விடும்போது உதரவிதானம் எப்படி அசைகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அந்த வண்டிக்கும் காசு இல்லை; குணமாகி வீடு திரும்பவும் வண்டி உண்டு. கிளம்பும் முன் எக்ஸ்ரே படத்தையும் பரிந்துரைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.