திருகாணி இல்லாமல் நிற்கும் வளையம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவின் பழைய புல்லட்டை மறுபடி ஓட்ட ஆசை. எஞ்சினின் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றிப் பார்த்த மெக்கானிக், வால்வு சீட் தேய்ந்துவிட்டது, புது வளையம் இறக்க வேண்டும் என்கிறார். வெல்டிங் கிடையாது, திருகாணியும் கிடையாதாம். நெருப்பு எரிகிற இடத்தில் ஓர் இரும்பு வளையம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?"

அருமையான கேள்வி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால் சிலிண்டரின் வாசல்களைத் திறந்து மூடும் வால்வுக்கு நேரே போகலாம். (பழைய ஜாவா, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவை இரண்டு ஸ்ட்ரோக். இந்த வகை வால்வே அவற்றில் கிடையாது.) 1955 முதல் சென்னையில் உருவாகி வந்த 346 சி.சி. புல்லட்டில், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. மூடும்போது வால்வின் விளிம்பு வந்து அமரும் இரும்பு வளையம்தான் சீட். காற்று கசியாமல் அடைப்பது அதன் ஒரு வேலை. இன்னொன்று, வெப்பத்தைக் கடத்துவது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை சுமார் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வால்வு மூடியிருக்கும் கணங்களில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது.

அந்தச் சூட்டில் வால்வும் சீட்டும் தொடும் நுண்ணிய மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடுத்த திறப்பில் பிய்ந்து வருகின்றன. பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் ஈயச் சேர்மங்கள் நடுவில் மெல்லிய படலமாகப் படிந்து இந்த ஒட்டலைத் தடுத்தன. 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். "ஈயம் போனது, வண்டியின் ஆயுளும் போனது" என்று இன்னும் ஏங்குபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைத்த நஞ்சு; ஒழிந்தது நல்லது. நீண்ட நேரம் வேகமாக ஓடும் எஞ்சினில்தான் இந்தத் தேய்மானம் கடுமையாகும். மேடு பள்ளமில்லாத நம் காவிரிப் படுகையில், வாய்க்கால் கரையோரம் நிதானமாகப் போகும் வண்டிக்குப் பெரிய ஆபத்தில்லை. ஐப்பசி மழையில் வால்வு திறந்தபடி மாதக்கணக்கில் நின்றுபோவதுதான் இங்கே பெரிய பகை. வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்று உள்ளே புகுந்தால் சீட்டில் துருப்பிடித்துக் குழி விழும்.

இனி வளையத்துக்கு வருவோம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். வறட்டி அடுக்கி இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுக்கும். இங்கே பட்டையின் இடத்தில் இருப்பது அலுமினிய ஹெட்.

உதாரணத்துக்கு, ஹெட்டில் கடைந்த குழியின் விட்டம் 39.9 மி.மீ., வளையம் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நிலையில் வளையம் உள்ளே போகாது. ஒரு டிகிரி சூடேறினால் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரோமீட்டர் விரியும். வார்ப்பிரும்பு சுமார் 11. ஹெட்டை அடுப்பில் ஒரே சீராக 200 டிகிரிக்குக் கொண்டுபோனால் குழி 40.05 மி.மீ.யைத் தாண்டிவிடும். ஃப்ரீசரில் வைத்த வளையம் 0.02 மி.மீ. சுருங்கியிருக்கும். (கால்நடை மருந்தகத்தில் உறைவிந்துக் குச்சிகளைக் காக்கும் திரவ நைட்ரஜன், −196 டிகிரியில், இன்னும் நன்றாகச் சுருக்கும்.) இப்போது 0.07 மி.மீ. இடைவெளி கிடைத்துவிட்டது. நேராகப் போட்டால் வளையம் அடியைத் தொட்டு "டக்" என்று அமரும். சற்றுச் சாய்ந்து தயங்கினால் நொடிகளில் சூடேறி, பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

ஆறியதும் குழி வளையத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்குகிறது. பிடிப்பு அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் ஓடும்போது எல்லாம் மறுபடி சூடாகுமே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டுமே 250 டிகிரிக்குப் போனால் அலுமினியம் அதிகம் விரிந்து, அந்த 0.1 மி.மீ. நெருக்கம் முழுவதும் கரைந்துவிடும். வளையம் கழன்று விழும். வளையம் 250 டிகிரியிலும் சுற்றியுள்ள ஹெட் 180 டிகிரியிலும் இருந்தால், இழப்பது 0.04 மி.மீ. மட்டுமே, பாதிக்கு மேல் பிடிப்பு மிஞ்சும். ஆக, அந்த வளையத்தை நிறுத்தி வைப்பது இரண்டு உலோகங்களுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் காப்பவை சூட்டைக் காற்றில் இறக்கும் ஹெட்டின் வெளிப்புறத் தகடுகள். அவற்றின் இடுக்கில் வயல் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் சீட்டின் பிடியும் தளரும். வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டும் கையால் அந்தச் சேற்றையும் சுரண்டிவிடுங்கள்.

மீதி வேலை பழகியதுதான். முதலில் வால்வு கைடு, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய், சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் சீட்டைச் செதுக்கும் கட்டரின் தண்டு அதற்குள்தான் நிற்கிறது. 45 டிகிரியில் சீட்டை வெட்டி, மேலும் கீழும் வேறு கோணங்களில் செதுக்கி, தொடும் பட்டையை ஒன்றரை மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு அரைக்கும் பேஸ்ட் வைத்து வால்வைச் சீட்டில் தேய்த்தால் சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிறக் கோடு தெரியும். ஸ்பிரிங்கைப் பூட்டி, வால்வுக்குப் பின்னால் இருக்கும் வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தப் பழைய சீட்டுகள் எப்படித் தேய்கின்றன என்பதை நம் பாலிடெக்னிக் மாணவர்களே அளந்து பார்க்கலாம். லேத் இருக்கிறது, ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு சிறு ஆய்வு நிதி கொடுத்தால் போதும். பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே பணம் ஒதுக்கும் வழக்கம் மாற வேண்டும்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. சீட் தேயத் தேய வால்வு மேலேறி, டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புகளுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) குறையும். ஆகவே எஞ்சின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தால் மகிழ வேண்டாம். வால்வு முழுதாக மூடாமல் கருகப் போகிறது என்று பொருள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, சிலிண்டர் பக்கவாட்டு மூடியைத் திறந்து, வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதும் அதே உச்சியில்தான். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்.